பாதிச் சக்கரம்

சட்டையின் இடது கைத் தையலை அவள் பிரித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை நெடுக விட்டால் அரை நிமிஷ வேலை. ஆனால் தைத்து முடித்த துணியை வெட்ட அவளுக்குக் கை வராது. முப்பத்தொரு வருஷமாகத் தைக்கிறவள், பிரிப்பாள், வெட்டமாட்டாள். வெட்டுகிறவர்கள் டாக்டர்கள். ஆறு நாளைக்கு முன்னால் புருஷன் போட்டிருந்த சட்டையைக் கழுத்திலிருந்து கீழ்வரை கிழித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி, ஏதோ பரிசு மாதிரி அவள் கையில் கொடுத்தார்கள். பொத்தானைக்கூடத் தனியாக எடுத்துவைக்கவில்லை.

மாவுக்கட்டுப் போட்ட கை எந்தச் சட்டைக்குள்ளும் நுழையாது. அதனால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிரித்து, கையை உள்ளே கிடத்தி, அப்படியே மேலே தைத்து மூடிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். கட்டிலில் கிடந்தவர் ஒத்துழைத்தார். உயிரோடு இருந்தவரை அளவெடுக்க இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை அந்த மனுஷன். நின்றால் வாய் திறக்கும், வாய் திறந்தால் கை ஆடும், கை ஆடினால் டேப் நழுவும்.

"நாலு மணிக்கு வண்டி வந்துடும்க்கா" என்றார் மருந்துக்கடைக்காரர். தெருமுனையில் கடை வைத்திருப்பவர். கடையைப் பூட்டாமல் வந்துவிட்டதால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரட்டும்" என்றாள் அவள். தலையை நிமிர்த்தவில்லை.

கட்டிலில் கிடந்தவர் தண்ணீர் ஆபீஸில் மீட்டர் படிப்பவர். தெருவுக்கே மீட்டர்காரர்தான், பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. பகல் முழுக்க சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஆபீஸுக்காகத் தண்ணீரை அளப்பார். சாயங்காலம் தெருவுக்காகக் கதை அளப்பார். முதல் அளவையில் ஒரு புள்ளி பிசகியதில்லை. இரண்டாவதில் ஒரு புள்ளிகூட நிஜமில்லை. ஒரு வீட்டில் மீட்டர் பின்பக்கமாக ஓடியதாம். வீட்டுக்காரம்மா குளிக்கக் குளிக்கத் தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டே போய், கடைசியில் அந்தம்மாவைக் குளிக்காதே என்று தெருவே கெஞ்ச வேண்டியதாயிற்றாம். இதை அவர் சிரிக்காமல் சொல்வார். எந்த வீடு என்று கேட்டால், ஆபீஸ் ரகசியம் என்பார். தெரு நம்பவில்லை. ஆனால் மறுநாளும் கேட்டது.

தீப்பெட்டி வாங்கிவரப் போனாலும் நாற்பது நிமிஷத்துக்குக் கதையோடு திரும்புகிற ஆள். அப்படிப்பட்டவர் சைக்கிளிலிருந்து விழுந்தால் சும்மா விழுவாரா?

"பாவம், ஒரு ஆட்டுக்காக உயிர விட்டான் என் தம்பி" என்றாள் அவருடைய அக்கா. மாடியில் குடியிருப்பவள். காது பாதி கேட்கும், எந்தப் பாதி என்பதை அவளே முடிவு செய்வாள். "நடுரோட்டுல நின்னுச்சாம். மணி அடிச்சானாம். அது திரும்பி ஒரு பார்வை பாத்துச்சாம், நீ யாருடான்னு. பெரிய மனுஷன் மாதிரி இவன் ஒதுங்கிட்டான்."

"ஆடா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "என்கிட்ட தேனீன்னு சொன்னாரே! சட்டைக்குள்ள பூந்துடுச்சு, நசுக்க மனசு வரல, ரெண்டு கையும் எடுத்துப் பொத்தானக் கழட்டி வழி விட்டேன்னாரு. ஆஸ்பத்திரியில, இந்தக் காதால கேட்டேன்."

"உனக்குத் தேனீ. எனக்கு ஆடு. கூடப் பொறந்தவகிட்ட பொய் சொல்லுவானா?"

மூலையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் ஆபீஸில் மீட்டர்காரருக்கு மேலதிகாரி. சாவு வீட்டிலும் சட்டைப்பையில் இரண்டு பேனா. "மன்னிக்கணும். ரெண்டுமே இல்லீங்க. மேட்டுல நம்ம பைப்புல கசிவு. எந்த இடம்னு குறிச்சுக்கத் திரும்பிப் பாத்திருக்காரு. கடமை. நான் மேல எழுதவே போறேன்."

"கசிவு எங்க இருந்துச்சு?"

"தேடிட்டு இருக்கோம்."

சாவு வீட்டுக்குத் தகுந்த குரலில் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். அவரவர் கதையை அவரவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. செத்தவர் தங்களுக்கென்று கொடுத்துவிட்டுப் போனது அல்லவா. கடைசியில், கசிவில் தண்ணீர் குடிக்க வந்த ஆட்டின்மேல் உட்கார்ந்திருந்த தேனீ என்று ஒருவழியாகச் சமரசத்துக்கு வந்தார்கள்.

அவள் ஊசியில் நூல் கோத்தாள். காது மட்டும் அவர்களிடம் இருந்தது. ஒரே ஒரு சொல்லுக்காக அது காத்திருந்தது. பிரேக் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை.

"உங்ககிட்ட என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். ஏதாவது புதுச் சரக்கு கிடைக்கும் என்ற ஆசை குரலில் தெரிந்தது.

"விழுந்தேன்னாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு வேறெங்கோ பார்த்தார்கள். அவள் மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கித் தைக்கத் தொடங்கினாள்.

*

அந்த சைக்கிளுக்கு இருந்தது ஒரே பிரேக். முன் பிரேக் அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டது. பின் பிரேக் பிடிக்கும், ஆனால் ஊரைக் கூட்டிப் பிடிக்கும். கீச் என்று ஆரம்பித்துச் சக்கரம் நிற்கும்வரை இழுக்கும். தினமும் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அந்தச் சத்தம் வாசலில் கேட்கும். அவள் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு அடுப்பில் தண்ணீர் வைப்பாள். மாடியிலிருந்து அக்காக்காரி, "வந்துட்டானா?" என்பாள். வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிஷம் தாமதமாக ஓடியது. யாரும் அதைத் திருத்தவில்லை, தேவைப்படவில்லை.

"அந்தச் சனியனுக்கு ஏதாச்சும் பண்ணித் தொலையக் கூடாதா?" என்பாள் அக்கா, மாதம் ஒருமுறை. "பல்லு கூசுது. மத்தியானம் கண்ண மூடுனா கனவுலயும் கீச்சுங்குது."

"ராஜா வர்றப்போ முரசு கொட்டுவாங்க. எனக்கு இதுதான்" என்பார் அவர்.

"ராஜா மூஞ்சியப் பாரு."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். அவள் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: சத்தம் வந்தால் எண்ணெய். கதவுக் கீல், பெட்டிப் பூட்டு, ஜன்னல் கொக்கி, அக்காவின் கண்ணாடிக் காம்பு எல்லாவற்றையும் நீண்ட மூக்குள்ள அந்தச் சின்னக் குப்பியால் வாயடைத்தவள். ஒருதரம் அவருடைய முழங்காலுக்கும் போட்டுப் பார்த்தாள். அவர் அதை ஒரு மாதம் தெருவில் கதையாக ஓட்டினார். குப்பியோடு வாசலுக்குப் போனாள். பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ரிம் முழுக்க ஒரு கோடு போல இழுத்தாள். பிரேக் கட்டைகளுக்கு ஆளுக்கு ஆறு சொட்டு. தாராளமாகத்தான் போட்டாள். முப்பத்தொரு வருஷச் சத்தம் அல்லவா, ரெண்டு சொட்டில் அடங்குமா?

அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் சத்தமில்லாமல் வந்து நின்றுவிட்டு, ராஜா திருதிருவென்று முழிப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு குறும்பு.

அவர் ஏறிப் போனார். தெருவில் ஒரு பூனை குறுக்கே வந்தபோதுகூடப் பிரேக் பிடிக்கவில்லை, வளைத்துக்கொண்டு போனார். திருப்பத்தில் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கினார், வழக்கம்போல. மூன்று தெரு தாண்டினால் தண்ணீர்த் தொட்டி மேடு. மேட்டுக்கு அந்தப்பக்கம் இறக்கம். இறக்கத்தின் அடியில் மரக்கடைச் சுவர்.

ஒன்பதே காலுக்குச் செய்தி வந்தபோது அவள் ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். அவள் பக்கத்திலிருந்த குப்பியைப் பார்த்தாள். அதில் எண்ணெய் ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

அப்போதும் நிச்சயமில்லை. எண்ணெய் கெடுதல் செய்யும் என்று அவள் வாழ்க்கையில் எதுவும் சொல்லித் தந்ததில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சைக்கிள் கடையில் நின்றாள். யாருக்கோ கேட்பதுபோல், "பிரேக்குக்கு எண்ணெய் போடலாமா?" என்றாள்.

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "தாராளமாப் போடலாம்க்கா. போற ஆள் திரும்பி வரவேணாம்னா."

*

நாலு விலா எலும்பு, இடது கை, உள்ளே எங்கோ ரத்தக் கசிவு. ஆனால் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று வார்டு முழுக்கச் சொன்னார்கள். அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போகும்போதெல்லாம் கட்டிலைச் சுற்றி ஆள் நிற்கும். பக்கத்துக் கட்டில்காரர் ஒரு காலை இழுத்துக் கட்டிய நிலையிலும் சிரிப்பார். நர்ஸ் வெப்பமானியை அவர் வாயில் வைப்பது சூடு பார்க்கவா, பேச்சை நிறுத்தவா என்று யாருக்கும் தெரியாது. இவள் உள்ளே நுழைந்ததும் கதை நிற்கும். கூட்டம், புருஷன் பெண்டாட்டி பேசட்டும் என்று கலையும்.

அவர்கள் பேசவில்லை.

"என்ன ஆச்சுங்க?" என்று முதல் நாள் கேட்டாள்.

"விழுந்தேன்."

அவள் காத்திருந்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் தட்டை எறிவார்கள். இவருக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததே இல்லை. கதையை நிறுத்துவதுதான் இவருடைய கோபமோ என்னவோ. தேனீயும் ஆடும் ஊருக்கெல்லாம் கிடைத்தன. அவளுக்கு ஒரு சொல்.

இரண்டாம் நாள், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "தூக்கம் வருது மாஸ்டர்" என்று கண்ணை மூடிக்கொண்டார். தையல்காரி என்பதால் அவளை அவர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். மூன்றாம் நாள் சொல்ல வாயெடுத்தாள்; நர்ஸைக் கூப்பிட்டுத் தலையணையை மாற்றச் சொன்னார். நாலாம் நாள் காய்ச்சல் ஏறியது. அதற்குப் பிறகு சொல்வதானால் காய்ச்சலிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கேட்பார், இன்றைக்கு அவரே கேட்பார், ஏன்டி என் சைக்கிளத் தொட்டே என்று கேட்டுவிட்டால் போதும் என்று காத்திருந்தாள். திட்டினால் அழலாம். மன்னித்தாலும் அழலாம். ஒன்றும் சொல்லாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆறாம் நாள் காலை அவர் கண் திறந்தார். கம்பியில் தொங்கிய பாட்டிலிலிருந்து சொட்டு இறங்குவதைக் கொஞ்ச நேரம் படித்தார், தொழில்முறையில்.

"ஓட்டம் குறையுது, மாஸ்டர்" என்றார். "மூடிடுவாங்க போல."

பத்து மணிக்கு மூடினார்கள்.

*

தோள் வரை தைத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள். தையல் தெரியவே இல்லை. "கட்டு இருக்கற கைன்னு சொல்லவே முடியாது" என்றாள் அக்கா. நாலு மணிக்கு வண்டி வந்தது. போனார்கள், திரும்பினார்கள். சூப்பர்வைசர் திரும்பும் வழியிலும் மேட்டில் இறங்கிக் கசிவைத் தேடினார் என்று பிறகு சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் கடைக்கு ஓடினார். அக்கா இனி மாடி ஏற முடியாது என்று உள் அறை நாற்காலியிலேயே சாய்ந்தாள்.

முன் அறையில் கட்டில் இருந்த இடம் பெரிதாக இருந்தது. அவள் மெஷினை அந்த இடத்துக்கு நகர்த்தலாமா என்று யோசித்தாள், நகர்த்தவில்லை.

ஐந்தரைக்கு வாசலில் யாரோ நின்றார். மரக்கடை வாட்ச்மேன். காக்கிச் சட்டை, தோளில் சைக்கிள். முன் சக்கரம் எட்டுப் போல வளைந்திருந்ததால் தள்ளிவர முடியாமல் சுமந்தே வந்திருந்தார். விழுந்தவரை முதலில் பார்த்த ஆள் இவர்தான், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவரும் இவர்தான். அதிகம் பேசாதவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் பேச அவ்வளவாக விஷயம் இருக்காது.

"ட்யூட்டி முடிஞ்சுதான் வர முடிஞ்சுதுக்கா. மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல தம்பி. உள்ள வாங்க."

அவர் வரவில்லை. சைக்கிளை வாசலில் இறக்கி, ஸ்டாண்டு போட்டார். பின் சக்கரம் தரையைத் தொடாமல் மெல்லச் சுற்றி நின்றது.

"எப்படி விழுந்தாரு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டாள்.

"ஆடு" என்றார் வாட்ச்மேன். உடனே தரையைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். "ஆடுன்னு சொல்லச் சொன்னாருக்கா. ஆனா நான் ஆட்டப் பாக்கல."

"என்ன பாத்தீங்க?"

"சத்தம் கேட்டு ஓடி வந்தேன். சுவத்தோரம் சைக்கிள் கெடக்கு. இவரு பக்கத்துல உக்காந்து கைக்குட்டையால பின் சக்கரத்தத் தொடச்சிட்டு இருக்காரு. வாயில ரத்தம். அண்ணே, படுங்கண்ணேன்னேன். 'இருப்பா, பாதி முடிஞ்சுது'ங்கறாரு. ஒரு கை தொங்குது, இன்னொரு கையால தொடைக்கறாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. அடிபட்ட ஆளு சைக்கிளையா கழுவுவான்? பிரேக் பிடிக்கலியான்னேன். 'யோவ், பிரேக்கெல்லாம் தங்கம்யா'ன்னாரு. அப்புறம்தான் சாஞ்சாரு."

அவள் பின் சக்கரத்தைப் பார்த்தாள்.

"வண்டியில ஏத்தறப்போ கைக்குட்டைய என் பாக்கெட்டுல திணிச்சாரு. எரிச்சுடுன்னாரு." சட்டைப்பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தார். "துணி நல்லா இருந்துச்சு. ஓரமெல்லாம் மடிச்சு, கையால தைச்சிருக்கு. எரிக்க மனசு வரல. தொவைச்சேன், எண்ணெய் போகல. அதான் அப்படியே..."

அவள் வாங்கிக்கொண்டாள். சட்டைத் துணியில் மிஞ்சிய துண்டுகளில் அவருக்கு வருஷத்துக்கு நாலு கைக்குட்டை தைத்துக் கொடுப்பாள். பிரிக்கத் தேவையிருக்கவில்லை. தாளுக்கு வெளியிலேயே மெஷின் எண்ணெய் வாசனை வந்தது.

"வீட்ல கேட்டா என்னண்ணே சொல்லட்டும்னு கேட்டேன்" என்றார் வாட்ச்மேன். "'நீ ஆடுன்னு சொல்லு. நான் சொன்னா அவ நம்பமாட்டா'ன்னாரு." மறுபடி கழுத்தைச் சொறிந்தார். "நான் சரியாச் சொல்லல. எனக்கு வராதுக்கா."

"ஆடுதான் தம்பி" என்றாள் அவள். "அந்த மேட்டுல திரியும்."

அவர் முகத்திலிருந்து ஒரு சுமை இறங்கியது. "அப்படியா?" என்றார். தலையை ஆட்டிக்கொண்டே போனார். திருப்பம் வரைக்கும் நிம்மதியாக நடந்துபோவது தெரிந்தது.

தெருவில் யாருமில்லை. அவள் சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பின் சக்கரத்தில் விரலை வைத்தாள். ஓரிடத்தில் ரிம் காய்ந்து சொரசொரத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி வழுக்கியது. வழுக்கிய இடத்தில் ஆறு நாள் புழுதி கருப்பாக ஒட்டியிருந்தது. எங்கே கை நின்றது என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

பெடலைக் கையால் தள்ளிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். எட்டி பிரேக்கை லேசாகப் பிடித்தாள்.

கீச் என்றது. உடனே ஒன்றுமில்லை. மறுபடி கீச். மறுபடி ஒன்றுமில்லை. பாதிச் சுற்றுக்குச் சத்தம், பாதிச் சுற்றுக்கு அமைதி. சக்கரம் மெல்ல வேகம் குறைந்தது.

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. தூக்கக் கலக்கத்தில் அக்காவின் குரல் வந்தது.

"வந்துட்டானா?"

வீட்டுக் கடிகாரத்தில் ஐந்து நாற்பது. அவள் பெடலில் கையை வைத்து, இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.